லினக்ஸ் கணினியின் புகுவாயில்

தோற்றுவாய்

மனையொன்றின் கதவு திறவாதொழியின், உள்ளிருக்கும் பொருளெல்லாம் அழிந்தன என்று எவரும் கருதார். தாழ் துருவேறிற்றோ, திறவுகோல் மாறிற்றோ, கதவின் பின்னே ஏதேனும் சரிந்து கிடக்கின்றதோ என்று ஆராய்வர். ஆயின், கணினியின் புகுவாயில் திறவாதபோது நம்மனோருட் பலர் இங்ஙனம் ஆராய்வதில்லை. முதல்நாள் மாலையில் லினக்ஸ் இயங்குதளத்தைப் புதுப்பித்து உறங்கச் செல்கின்றனர். மறுநாட் காலையில் கணினியை எழுப்புங்கால், பெயரும் கடவுச்சொல்லும் வினவும் வழக்கமான திரை தோன்றாது, கரிய திரையொன்றே எதிர்நிற்கின்றது; அன்றேல், கடவுச்சொல்லை ஏற்ற திரை ஒரு கணம் மறைந்து, மீண்டும் அதனையே வினவுகின்றது. அது கண்டு மனங்கலங்கி, வட்டினை முழுதுந் துடைத்து, இயங்குதளத்தைப் புதிதாக நிறுவிவிடுகின்றனர். ஓராண்டாகச் சேர்த்த பாடக்குறிப்புகளும் கட்டுரைகளும் நிழற்படங்களும் அத்துடைப்பில் ஒருங்கே மறைகின்றன.

இவ்விழப்பு வேண்டாத இழப்பாகும். புகுவாயிலில் நேரும் இடர்களுள் மிகப் பல, பயனர்தங் கோப்புகளைத் தீண்டாதவை. கணினி விழித்தெழும் படிகளுள் எந்தப் படியில் இடறிற்று என்பதை முறையாக அறிந்தபின்னரே அதனைத் திருத்தப் புகுதல் வேண்டும் என்பதே யாம் ஈண்டுக் கூறப்புகுவது. இதனை அறிதற்குக் கணினித்துறையிற் பட்டம் பெற்றிருத்தல் வேண்டா. பொறுமையும், கண்டதைக் குறித்துக்கொள்ளும் பழக்கமும், கடவுச்சொல்லும் இருப்பின் பெரும்பாலும் போதும்.

லினக்ஸ் என்பது, 1991-ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டின் ஹெல்சின்கிப் பல்கலைக்கழகத்து மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பார் வெளியிட்ட கெர்னலை முதலாகக் கொண்டது. அதன்மேற் பிறர் பலர் ஆக்கிய மென்பொருள்களைச் சேர்த்தமைத்த தொகுப்புகள் டெபியன், உபுண்டு, ஃபெடோரா, ஆர்ச் முதலிய பெயர்களால் வழங்குகின்றன. சென்னைச் சி-டாக் நிறுவனத்தார் டெபியனை அடியாகக் கொண்டு ஆக்கிய பாஸ் லினக்ஸும் இவ்வினத்ததே. ஆகலின், இப்பொருள் நம் நாட்டு மாணவர்க்கு அயலானதன்று.

ஐந்து படிகள்

கணினியை எழுப்பியது முதல் நமது மேசைத்திரை தோன்றுங்காறும் ஐந்து படிகள் உள. இவற்றை அறிந்துகொண்டாலன்றிப் பின்னர்க் கூறுவன விளங்கா.

முதற்படி கெர்னல். வன்பொருளுக்கும் ஏனை மென்பொருள்களுக்கும் நடுவே நின்று இருபாலையும் இணைப்பது இது.

இரண்டாம் படி வரைகலை இயக்கி. திரைக்கு உருவங்களை அனுப்பும் சில்லினை ஆளும் நிரல் இது. இன்டெல், ஏ.எம்.டி. ஆகிய இரு நிறுவனத்தாரின் சில்லுகட்குரிய இயக்கிகள் பெரும்பாலும் கெர்னலின் அகத்தேயே அடங்கியிருக்கும். என்விடியா நிறுவனத்தார் தாமே ஆக்கி வழங்கும் இயக்கியோ, கெர்னலின் புறத்தே தனியாக வந்து சேர்வது. இவ்வேறுபாட்டினை நினைவிற் கொள்க. பின்னர் இது பெரிதும் வேண்டப்படும்.

மூன்றாம் படி காட்சி வழங்கி. சாளரங்களைத் திரையில் வரைந்து, விசைப்பலகையும் சுட்டியும் தரும் செய்திகளை அவ்வவற்றிற்குப் பகிர்ந்தளிப்பது இதன் தொழில். 1984-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் எக்ஸ் என்னும் சாளரமுறை தோன்றிற்று. 1987-இல் அதன் பதினோராம் பதிப்பு வெளிவந்தது. எக்ஸ்-11 என்று இன்றும் வழங்குவது அதுவே. அதன் முதுமையால் விளைந்த சிக்கல்களைத் தவிர்க்கும் பொருட்டு, 2008-இல் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் என்பார் வேலண்ட் என்னும் புதுமுறையைத் தொடங்கினார்.

நான்காம் படி, ஆங்கிலத்தில் டிஸ்ப்ளே மேனேஜர் எனப்படுவது. பெயரையும் கடவுச்சொல்லையும் வினவும் திரை இதனுடையதே. ஆதலின் இதனை வாயிற்காப்போன் என்பாம். க்னோம் மேசைத்தளத்தோடு வரும் ஜி.டி.எம்., கே.டி.ஈ. மேசைத்தளத்தோடு நெடுங்காலம் வழங்கிய எஸ்.டி.டி.எம்., எளிய அமைப்பினையுடைய லைட்-டி.எம். என்பன இவ்வகையின. காட்சி வழங்கியை எழுப்புபவனும் இக்காப்போனே. எனினும், வழங்கி எழாவிடின் காப்போன் தன் முகத்தைத் திரையிற் காட்டவொண்ணாதாகலின் அதனை முன்னும் இவனைப் பின்னும் வைத்தாம்.

ஐந்தாம் படி அமர்வு. கடவுச்சொல் ஒத்துக்கொண்டபின், அப்பயனரின் பெயராலும் அவர்க்குரிய உரிமையளவிலும் எழும் மேசைத்தளமே அமர்வு எனப்படும். முதல் நான்கு படிகளும் கணினிக்குப் பொதுவானவை; ஐந்தாவது ஒன்றே பயனர்தோறும் வேறானது. இவ்வொரு வேறுபாடு ஆராய்ச்சியிற் பாதியை எளிதாக்கும்.

புதுப்பித்தபின் இடர் நேர்வது ஏன்?

இவ்வைந்து படிகளையும் ஆக்குவோர் ஒருவரல்லர். வெவ்வேறு நாட்டில், வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு கைகள் ஆக்கிய பகுதிகளே ஒரு தொகுப்பாகக் கூடி நிற்கின்றன. ஒரு பகுதி முன்சென்று, அதனோடு பொருந்தவேண்டிய மற்றொன்று பின்தங்குமாயின் இடையே பிளவு தோன்றும்.

இதற்கு என்விடியா இயக்கியே சிறந்த எடுத்துக்காட்டு. கெர்னலின் புறத்திருந்து வரும் இவ்வியக்கி, ஒவ்வொரு கெர்னற் பதிப்புக்கும் பொருந்துமாறு கட்டப்படுதல் வேண்டும். கெர்னல் மாறுந்தோறும் இதனை மீளக் கட்டித்தரும் டி.கே.எம்.எஸ். என்னும் கருவியொன்று உண்டு. அக்கருவிக்குப் புதிய கெர்னலின் ஹெடர்ஸ் எனப்படும் தலைப்புக் கோப்புகள் வேண்டும். அவை நிறுவப்படாதிருப்பின் இயக்கி கட்டப்படாது. கட்டப்படாத இயக்கியை நம்பிய காட்சி வழங்கி எழாது. வழங்கி எழாவிடின் வாயிற்காப்போனும் தோன்றான். ஒரு சிறு பொதி விடுபட்டமையால் மூன்று படிகள் அடுத்தடுத்துச் சரிகின்றன.

2025-ஆம் ஆண்டு டிசம்பரில் ஆர்ச் லினக்ஸ் தொகுப்பில் நிகழ்ந்தது இதனினும் வேறான ஒன்று. என்விடியாவின் 590-ஆம் வரிசை இயக்கி, பாஸ்கல் என்னும் தலைமுறைச் சில்லுகளையும் அவற்றிற்கு முற்பட்டவற்றையும் கைவிட்டது. ஜி.டி.எக்ஸ். 10 வரிசை அட்டைகள் அத்தலைமுறையின. அவற்றையுடையோர் அறியாது புதுப்பிப்பின் இயக்கி ஏறாது, வரைகலைச் சூழல் குலையக்கூடும் என்று ஆர்ச் லினக்ஸ் நடத்துவோர் முன்னரே அறிவித்தனர். பழைய 580-ஆம் வரிசையைத் தனியே நிறுவிக்கொள்ளுமாறும் வழிகாட்டினர். அவ்வறிவிப்பினைப் படித்தார் இடரின்றிக் கடந்தனர். புதுப்பிக்குமுன் தொகுப்பினரின் செய்தியை நோக்குதல் எத்துணைப் பயனுடைத்து என்பதற்கு இதுவே சான்று.

மூன்றாம் படி மாறுவதாலும் இடர் நேரும். க்னோம் மேசைத்தளத்திற்கு வேலண்டை இயல்பாக அமைக்கும் வழக்கத்தை ஃபெடோரா 2016-இல் மேற்கொண்டது. உபுண்டு 2017-இல் மேற்கொண்டு, 2018-இல் எக்ஸ் முறைக்குத் திரும்பி, 2021-இல் மறுபடியும் வேலண்டினை ஏற்றது. 2025-ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்த உபுண்டு 25.10-இல் க்னோமிற்கு எக்ஸ் அமர்வே இல்லையாயிற்று. பன்னாட் பழகிய அமர்வு ஒன்று புதிய பதிப்பில் இல்லாதொழிதல் கூடும் என்பது இதனாற் பெறப்படும்.

இனி, எண்ணத்தக்க மற்றொன்று உளது. கெர்னலைப் புதுப்பிக்குங்கால் வட்டிலுள்ள படி மாறுமேயன்றி, ஓடிக்கொண்டிருக்கும் கெர்னல் மாறாது. கணினி மறுபடி எழும்போதுதான் புதியது ஆட்சிக்கு வரும். ஆதலின் பத்துநாட்களுக்கு முன் செய்த புதுப்பிப்பின் பயன் இன்று தோன்றலாம். அன்றியும், பன்னாளாக நிறைந்துவந்த வட்டோ, என்றோ தவறுதலாக மாறிய கோப்பின் உடைமையோ, மீண்டும் எழுப்பும் அந்நாளில்தான் வெளிப்படலாம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்னும் பழமொழி ஈண்டு நினைக்கத்தக்கது. புதுப்பித்தபின் நேர்ந்தது என்பதுகொண்டே புதுப்பித்தமையால் நேர்ந்தது என்று துணிதல் கூடாது.

குறிகளை அறிதல்

திரையிற் காணப்படும் குறி, எப்படியில் இடர் நேர்ந்தது என்பதை ஏறக்குறையக் காட்டிவிடும். குறிகள் ஐவகைப்படும்.

கரிய திரையோ, அதன் மூலையில் இமைத்து நிற்கும் சிறு கோடோ மட்டும் தோன்றின், இடர் பெரும்பாலும் இரண்டாம் மூன்றாம் படிகளில் உள்ளது. இயக்கியையே முதலில் ஐயுறுக.

வரைகலையின்றி எழுத்தளவில் பெயரையும் கடவுச்சொல்லையும் வினவும் திரை தோன்றின், கெர்னல் நலமாக உள்ளது. வாயிற்காப்போன் எழவில்லை, அல்லது நிறுவப்படாது நீங்கினான்.

வாயிற்காப்போன் தோன்றிக் கடவுச்சொல் பிழை என்பானாயின், விசைப்பலகையை நோக்குக. தமிழ்-99 முறையை முதலாக வைத்திருப்போர்க்கு, ஆங்கில எழுத்தாலாகிய கடவுச்சொல் புகுதிரையிற் பிழையாகவே முடியும். திரையின் மேற்புறத்தோ கீழ்ப்புறத்தோ உள்ள மொழிக்குறியை மாற்றின் இவ்விடர் தீரும்.

கடவுச்சொல்லை ஏற்றுக்கொண்டு, ஒரு கணம் இருண்டு, மீண்டும் புகுதிரையே வருமாயின், அது கடவுச்சொல்லின் குற்றமன்று. காப்போன் உள்ளே விட்டான். ஆனால் அமர்வு எழுந்து நிற்கமாட்டாது வீழ்ந்தது. பலர் இதனைக் கடவுச்சொற் பிழையென மயங்கி அதனை மாற்ற முயன்று வீணே உழல்கின்றனர். இடர் ஐந்தாம் படியில் உள்ளது.

உட்புகுந்தபின் வெறுந் திரைப்படமோ சுட்டி மட்டுமோ தோன்றின், அதுவும் ஐந்தாம் படியின் குறையே. பயனரின் அமைப்புக் கோப்புகளோ, மேசைத்தளத்தின் நீட்சிகளோ புதிய பதிப்பொடு பொருந்தாமையை அது காட்டும்.

ஆராயும் முறை

முதலாவது, மின்பொத்தானை அழுத்தி மீண்டும் மீண்டும் எழுப்புதலைத் தவிர்க. கண்ட குறியையும், இறுதியாகப் புதுப்பித்த நாளையும் ஒரு தாளிற் குறித்துக்கொள்க.

இரண்டாவது, பக்கவாயிலை நாடுக. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்-3 ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தின், எழுத்துத்திரை ஒன்று தோன்றும். இது வரைகலையை வேண்டாதது. லினக்ஸ் கணினிகளில் முன்வாயில் அடைபட்டபோதும் பெரும்பாலும் திறந்தே இருப்பது. அதிற் பெயரையும் கடவுச்சொல்லையும் இடுக. கடவுச்சொல்லை இடுங்காற் புள்ளியேனும் தோன்றாது, அது வழக்கமே. உட்புகுந்துவிடின் கெர்னல் நன்று, கடவுச்சொல் நன்று என்னும் இரண்டும் ஒருங்கே தெளிவாகின்றன; உங்கள் கோப்புகளையும் அங்கேயே கண்ணாரக் காணலாம்.

தமிழ் மாணவர்க்கு ஈண்டு ஒன்று சிறப்பாகக் கூறவேண்டும். அவ்வெழுத்துத்திரையில் தமிழ்ப் பெயருடைய கோப்புகள் வெறுங் கட்டங்களாகவும் பொருளற்ற குறிகளாகவும் தோன்றும். அது கண்டு கோப்புகள் சிதைந்தன என்று அஞ்சற்க. அத்திரை ஒருங்கே 512 எழுத்துருக்களுக்குமேல் ஏந்தாதது. மெய்யோடு கொம்பும் காலும் இணைத்து வரையும் ஆற்றலும் அற்றது. பெயர் தோன்றவில்லையேயன்றிப் பெயரும் கோப்பும் உள்ளவாறே உள. கணினி முழுதும் தமிழில் அமைக்கப்பட்டிருப்பின் பிழைச்செய்திகளும் அவ்வாறே கட்டங்களாகிவிடும். லேங் என்னும் சூழல்மாறிக்குச் சி என்னும் ஆங்கிலப் பேரெழுத்தை மதிப்பாகத் தரின் அவை ஆங்கிலத்தில் தோன்றும்.

மூன்றாவது, வட்டில் இடமுண்டோ என நோக்குக. டி, எஃப் என்னும் ஈரெழுத்துக் கட்டளை இதனைக் காட்டும். யாம் ஈண்டுத் தமிழில் எழுதுவது கட்டளைகளின் ஒலியையே. விசைப்பலகையில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் இடுக. வட்டு நிறைந்திருத்தல், உட்புகுந்து மீளும் இடருக்குப் பெருங்காரணங்களுள் ஒன்று. இதன் நுட்பம் வருமாறு: எக்ஸ்ட்-4 என்னும் கோப்புமுறை, வட்டின் இடத்தில் நூற்றுக்கு 5 பங்கினை இயல்பாகவே மேலாளர்க்கென ஒதுக்கிவைக்கும். ஆதலின், வட்டு நிறைந்தபின்னும் மேலாளர் உரிமையில் ஓடும் நிரல்கள் அவ்வொதுக்கினின்றும் எழுதிக்கொண்டு எழக்கூடும். பயனர் உரிமையில் ஓடும் அமர்வோ ஒரு சிறு கோப்பும் எழுத இடமின்றி வீழும். வாயில் திறந்தும் உள்ளே நிற்கவொண்ணாமைக்கு இதுவே காரணம்.

நான்காவது, பதிவேட்டைப் படிக்க. சிஸ்டம்-டி என்னும் மேற்பார்வை நிரலைக் கொண்ட தொகுப்புகளில், எழுந்தது முதல் நிகழ்ந்த யாவும் ஒரு பதிவேட்டில் எழுதப்படுகின்றன. ஜர்னல் என்பதனோடு சி, டி, எல் என்னும் மூன்று எழுத்துக்களைச் சேர்த்த கட்டளை அப்பதிவேட்டைத் திறக்கும். அதன்பின் ஓர் இடைவெளி விட்டுச் சிறுகோடும் பி என்னும் எழுத்தும் இடின், இம்முறை எழுந்ததன் பதிவு மட்டும் தோன்றும். அவ்வெழுத்தின்பின் இன்னுமோர் இடைவெளியும், சிறுகோட்டோடு 1 என்னும் எண்ணும் சேர்ப்பின், இதற்கு முந்தைய எழுச்சியின் பதிவு தோன்றும். அப்பதிவு வட்டில் நிலைக்குமாறு அமைந்திருத்தல் வேண்டும். சிஸ்டம் என்பதனோடு அம்மூன்று எழுத்துக்களையே சேர்த்த மற்றொரு கட்டளை, வாயிற்காப்போன் ஓடுகின்றானா, வீழ்ந்தானா என்பதை உரைக்கும். எக்ஸ் முறையாயின் அதற்கெனத் தனிப்பதிவு உண்டு. அதில் பிழை நிகழ்ந்த வரிகள் பிறைக்கோட்டினுள் இரண்டு ஈ எழுத்துக்களாற் குறிக்கப்பட்டிருக்கும். நீண்ட பதிவுகண்டு மலைத்தல் வேண்டா. ஒரு பிழை பல பிழைகளை ஈனுமாதலின், கடைசி வரியினும் முதலிற் தோன்றிய பிழைவரியே காரணத்தை அணித்தாகக் காட்டும்.

ஐந்தாவது, எவ்வெப் பொதிகள் மாறின என்று காண்க. டெபியன், உபுண்டு, ஆர்ச் ஆகியவை நிறுவிய பொதிகளை நாள்வரிசையில் தத்தம் பதிவுகளில் எழுதிவைக்கின்றன, ஃபெடோராவில் டி.என்.எஃப். என்னும் கருவி அவ்வரலாற்றைக் கேட்டவுடன் உரைக்கும். பழஞ்சுவடி பதிப்பிப்போர் இரு பிரதிகளை ஒப்புநோக்கி எங்கே பாடம் வேறுபட்டது என்று குறிப்பது போல, நலமாயிருந்த நாளுக்கும் இன்றைக்கும் இடையே எது வேறுபட்டது என்று குறிக்க. கெர்னலோ, இயக்கியோ, காப்போனோ அப்பட்டியலில் இருப்பின் ஐயம் அதன்மேல் நிற்கும்.

ஆறாவது, பிரித்தறியும் சோதனைகள் இரண்டு செய்க. புதிய பயனர் ஒருவரை ஆக்கி, அவர் பெயரால் முன்வாயிலிற் புகுந்து பார்க்க. அவர்க்கு வாயில் திறப்பின் இடர் பழைய பயனரின் அமைப்பில் உள்ளது. அவர்க்கும் திறவாவிடிற் பொதுப்படிகளில் உள்ளது. இஃதொன்று. கணினி எழுங்கால் க்ரப் என்னும் பட்டியலில் முந்தைய கெர்னலைத் தேர்ந்து எழுப்புதல் மற்றொன்று. உபுண்டுவும் டெபியனும் முந்தைய கெர்னலை வைத்திருக்கும். ஃபெடோரா இயல்பாக மூன்றனை வைத்திருக்கும். ஆர்ச் பழையதனை வைப்பதில்லை. முந்தையதில் யாவும் நன்றாயின் புதிய கெர்னலோ அதனோடு பொருந்தாத இயக்கியோ காரணமென்பது உறுதி.

திருத்தும் முறை

காரணம் அறிந்தபின் திருத்தம் பெரும்பாலும் சிறியதே. எனினும், அதற்குமுன் இன்றியமையாத கோப்புகளை வேறோர் வட்டிற் படியெடுத்துக்கொள்க. எழுத்துத்திரையும் தோன்றாதாயின், யு.எஸ்.பி. கோலில் எழுதிய லினக்ஸ் ஒன்றினால் கணினியை எழுப்பி அப்படியினை எடுக்கலாம். வட்டு முழுதும் மறைக்குறியீடு செய்யப்பட்டிருப்பின் அதன் திறவுச்சொல்லும் வேண்டும்.

வட்டு நிறைந்திருப்பின், பொதிகளின் பழைய படிகளையும் வேண்டாத பெருங்கோப்புகளையும் நீக்கி இடம் உண்டாக்குக.

புதுப்பித்தல் இடையே நின்றிருப்பின், அதனை முடித்துவைக்க. டெபியன் இனத்துத் தொகுப்புகளில், பாதியில் நின்ற பொதிகளை அமைத்து முடிக்குமாறு டி-பி-கே-ஜி என்னும் கருவிக்கு ஆணையிடலாம். மின்தடையால் இடைநின்ற புதுப்பிப்புகள் பல இவ்வொரு கட்டளையாற் சீர்ப்படும்.

பயனரின் இல்லக் கோப்பகத்துள் எக்ஸ்-அத்தாரிட்டி, ஐஸ்-அத்தாரிட்டி என்னும் பெயரால், புள்ளியில் தொடங்கும் இரண்டு மறைகோப்புகள் இருத்தல் உண்டு. வரைகலைச் செயலி ஒன்றினை மேலாளர் உரிமையோடு என்றேனும் ஓட்டியிருப்பின், இவற்றின் உடைமை மேலாளர்க்குச் சென்றிருத்தல் கூடும். அவ்வாறாயின், அமர்வு தன் பெயராற் புகுந்து தன் கோப்பினையே எழுதவியலாது வீழும். உடைமையைப் பயனர்க்கே மீளத் தருதல் இதற்குத் திருத்தம். மேசைத்தளத்தின் அமைப்புக் கோப்புகளை ஐயுறின் அவற்றை அழித்தல் வேண்டா. பெயரை மாற்றிவைத்துப் பார்க்க. காரணம் அதுவன்றாயின் பழைய பெயரையே மீளத் தரலாம்.

என்விடியா இயக்கி கட்டப்படாதிருப்பின், புதிய கெர்னலுக்குரிய தலைப்புக் கோப்புகளை நிறுவி, டி.கே.எம்.எஸ். கருவியால் மீளக் கட்டுக. கட்டியும் ஏறாதாயின், செக்யூர் பூட் என்னும் காவல் நடைமுறையில் உள்ளதோ என நோக்குக. அக்காவல் உள்ளபோது, ஒப்பமிடப்படாத புறவியக்கியைப் பல தொகுப்புகளின் கெர்னல் ஏற்பதில்லை. ஒப்பமிட்ட சாவியை ஒருமுறை பதிவு செய்யின் அது தீரும். கரிய திரையால் எதுவுஞ் செய்யவொண்ணாதபோது, க்ரப் பட்டியலில் ஈ என்னும் விசையை அழுத்தி, கெர்னலின் பெயர் உள்ள வரியின் ஈற்றில் நோமோட்செட் என்னும் சொல்லைச் சேர்த்து எழுப்பலாம். அது அம்முறைக்கு மட்டும் நிற்பது. திரை தெளிவு குறைந்து தோன்றினும், உட்புகுந்து வேலை செய்தற்கு இடமுண்டாகும்.

பழகிய அமர்வு நீங்கியிருப்பின், புகுதிரையின் மூலையிலுள்ள பற்சக்கரக் குறியைச் சொடுக்கி வேறோர் அமர்வினைத் தேர்க. காப்போனே நீங்கியிருப்பின் அதனை மீள நிறுவி, எழுங்கால் தானே தொடங்குமாறு அமைக்க.

இவையனைத்திற்கும் பொதுவிதி ஒன்றுண்டு. ஒருகால் ஒன்றனையே மாற்றுக. மாற்றியதனைத் தாளிற் குறிக்க. பயன்படாவிடின் அதனை முன்போல் ஆக்கிய பின்னரே அடுத்ததனைத் தொடுக. எவரோ எழுதிய பத்துக் கட்டளைகளைப் பொருளறியாது அடுத்தடுத்து இடுவோர், முன்னிருந்த ஓர் இடரை மூன்றாக்கிக்கொள்வர். வாயில் தற்செயலாய்த் திறப்பினும் எதனாற் திறந்தது என்பதனை அறியார். மறுமுறையும் அவ்விருளிலேயே தடவுவர்.

முடிவுரை

இவ்விடர்களுக்கு அஞ்சிப் புதுப்பித்தலையே கைவிடுவோரும் உளர். அது தக்கதன்று. புதுப்பிப்புகளுட் பல, தீயோர் உட்புகும் துளைகளை அடைப்பன. முன்வாயில் ஒருநாள் திறவாது என்று அஞ்சிப் பின்சுவரின் பிளவுகளை என்றும் அடையாது விடுதல் அறிவுடைமையாகாது. புதுப்பிக்குமுன் கோப்புகளைப் படியெடுத்தல், தொகுப்பினரின் அறிவிப்பை நோக்குதல், வட்டில் இடமுண்டோ எனக் காணுதல், முந்தைய கெர்னல் ஒன்றினை வைத்திருத்தல், தேர்வுக்கும் கட்டுரை ஒப்படைப்புக்கும் முந்திய இரவில் புதுப்பியாதிருத்தல் ஆகிய ஐந்தும் கைக்கொள்வார்க்கு அச்சம் வேண்டா.

முதல் நான்கு படிகளும் அடுத்தவர் ஆக்கியவை. அவை கெடினும் மீளக் கிடைக்கும். எத்துணை முறையும் நிறுவிக்கொள்ளலாம். ஐந்தாம் படிக்கு அப்பால் இல்லக் கோப்பகத்துள் இருப்பவையோ நம் கையால் எழுதப்பட்டவை. அவற்றிற்கு வேறு படி எங்கும் இல்லை. மீளக் கிடைப்பதனைச் சீர்ப்படுத்தும் பொருட்டு மீளக் கிடையாததனை அழித்தல் எவ்வாற்றானும் பொருந்தாது. ஆதலின், கரிய திரை எதிர்நிற்குங்கால் வட்டினைத் துடைக்கும் எண்ணத்தை ஒருநாளளவேனும் ஒத்திவைத்து, எழுத்துத்திரையைத் திறந்து, பதிவேட்டின் முதற் பிழைவரியைத் தேடுமாறு எம் உடன்மாணவர்களை வேண்டுகின்றாம். தேடுவார் பலர்க்கு அவ்வொரு நாளும் வேண்டியிராது என்பதே எமது துணிபு.